பக்கத்து இலை

வியாழக்கிழமை மதியம் ஒன்று இருபதுக்குச் செய்தி வந்தது. அரியலூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஓட்டலில், ஆண்கள் உட்காரும் நீளமான கூடத்தில், நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சாம்பார் முடிந்து அடுத்ததற்குக் காத்திருந்த நேரம். வாசலில் நல்லதம்பி மாமா தெரிந்தார். அம்மாவின் தம்பி. காலில் செருப்பில்லை. பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் வந்தவர், நான் வேலை பார்க்கும் ஆபீசுக்குப் போகாமல் நேராக ஓட்டலுக்கு வந்திருந்தார். மதியம் நான் எங்கே இருப்பேன் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும்.

"கையக் கழுவிட்டு வா பாப்பா," என்றார். "பதினொன்னே முக்காலுக்குப் போயிட்டாரு."

அப்பா சாப்பிட முடியாமல் இறந்தார். அவருக்காக நான் சாப்பிடப் போயிருந்த நாளில் இறந்தார். கேட்பவர்களுக்கு இது விளங்குவதில்லை. துக்கத்துக்கு வந்த இரண்டு பேர், "அப்பன் கெடக்குற கெடையில மக ஓட்டல்ல போயி ஒக்காந்திருந்தாளாமே" என்று என் காதுபடவே பேசினார்கள். அவர்களுக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

அப்பா பெயர் அரியமுத்து. பிறந்தது விக்கிரமங்கலம் பக்கம். எட்டு வயதில் ஒரு பண்ணையில் மாடு மேய்க்கப் போனவர். அந்த ஊர் டீக்கடையில் எங்கள் தெருக்காரர்களுக்குத் தனிக் கிளாஸ். வெளியே ஓலைத் தடுப்பில் செருகியிருக்கும். எடுத்து, நீட்டி, ஊற்றியதைக் குடித்து, தாங்களே கழுவித் திரும்பவும் செருகிவிட்டுப் போக வேண்டும். பத்தொன்பதாவது வயதில் பண்ணையின் கடலை மூட்டைகளோடு வண்டி ஓட்டிக்கொண்டு அரியலூர் மண்டிக்கு வந்தார். மூட்டைகளை இறக்கிய பசியோடு ஓர் ஓட்டல் வாசலில் போய் நின்றார். உள்ளே போகலாமா கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை.

இந்தக் கதையை அவர் சொல்லிப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

"கல்லாவுல இருந்தவன் நிமுந்து பாத்தான். 'நீ யாரு, எந்தத் தெரு'ம்பான்னு நெனச்சேன். 'எத்தன பேரு'ன்னான். ஒரு ஆளுங்கன்னேன். 'உக்காரு'ன்னான். அவ்வளவுதான் பாப்பா. இந்தப் பக்கம் ஒரு வக்கீல் குமாஸ்தா. அந்தப் பக்கம் கறுப்புக் கோட்டு போட்ட ரயில்வேக்காரரு. நடுவுல நானு. மூணு எலைக்கும் ஒரே கரண்டி."

எறையூரில் சர்க்கரை ஆலை வந்தபோது அப்பாவுக்குக் கரும்பு யார்டில் வேலை கிடைத்தது. வரிசையில் நிற்கும் வண்டிகளுக்கு டோக்கன் கொடுக்கும் வேலை. நாங்கள் பெரம்பலூருக்குக் குடிவந்தோம். அரவைக் காலத்தில் வண்டிக்காரர்கள் ஒரு நாள், இரண்டு நாள் என்று யார்டில் கிடப்பார்கள். அப்பா அவர்களிடம் ஊரைக் கேட்பதற்கு முன்னால், "வர்ற வழியில எங்க சாப்ட்ட? என்ன போட்டான்?" என்றுதான் கேட்பார்.

"டோக்கன்காரரே, எங்கரும்பு காயுது. நீங்க கொழம்பப் பத்திக் கேக்குறீங்களே," என்று ஒருவர் கத்தியதை, யார்டுக்கு அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன நாளில் நானே கேட்டிருக்கிறேன்.

"கரும்பு நாளைக்கும் காயும்யா. நீ தின்ன கொழம்ப நாளைக்கு மறந்துருவ. சொல்லிட்டுப் போ."

இப்படிக் கேட்டுக் கேட்டே, ரஞ்சன்குடிக் கோட்டைக்குக் கீழே எந்தக் கடையில் இட்லி கல், விருத்தாசலம் ரோட்டில் எந்தக் கடையில் புளிக்குழம்புக்கு நாக்கு எரியும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பாதிக் கடைகளுக்கு அவர் போனதே இல்லை. சம்பளத்துக்கு மறுநாள் ஒரே ஒரு தடவை ஓட்டலில் சாப்பிடுவார். அன்று சாயங்காலம் வீட்டில் நாங்கள் உட்கார்ந்து கேட்க வேண்டும். எங்கள் வீட்டில் பண்டிகை அதுதான்.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஐப்பசியில் சோறு தொண்டைக்குக் கீழே நிற்கிறது என்றார். கார்த்திகையில் தண்ணீர் விட்டுப் பிசைந்த சோறும் நின்றது. தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனோம். உணவுக்குழாயில் கட்டி. கரண்ட் வைத்து, அதாவது கதிர்வீச்சுக் கொடுத்துப் பார்க்கலாம், ஆனால் இந்த உடம்பு தாங்காது என்றார் டாக்டர். அன்று அப்பாவின் எடை முப்பத்தொன்பது கிலோ. கஞ்சி, பால், முட்டை, எது இறங்குமோ அதை விடாமல் கொடுத்து, நாற்பத்திரண்டு ஆக்கிக் கூட்டிவரச் சொன்னார். மாசிக் கடைசியில் தேதி கொடுத்தார். நாளுக்கு ஆறு டம்ளர் கஞ்சியாவது உள்ளே போக வேண்டும் என்றார்.

மூன்று கிலோ. எங்களுக்கு அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நாங்கள் செய்த காரியம்தான் தப்பாகப் போனது. தொண்டையில் இறங்காதவர் முன்னால் சோற்றுப் பேச்சு பேசக்கூடாது என்று அம்மா கட்டளை போட்டாள். ஏங்கிய வாய்க்கு முன்னால் தின்றால் தின்றவர்களுக்கும் செரிக்காது, ஏங்கியவருக்கும் ஆகாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அம்மா அடுப்பையே எதிர்வீட்டுக்குக் கொண்டுபோனாள். தாளிக்கும் வாசனை அப்பாவுக்கு வரக்கூடாதாம். நாங்கள் அங்கே போய்த் தின்றுவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு வருவோம். பார்க்க வருகிறவர்களிடம் வாசலிலேயே சொல்லி அனுப்புவாள். உள்ளே வந்தவர்கள் மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள்.

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆறு டம்ளர் இரண்டானது. பிறகு ஒன்றானது. "வேணாம் கொளஞ்சி," என்பார். அம்மா அழுவாள். தெருமுனைக் கடலை மண்டியில் மூட்டை நிறுக்கும் தராசு இருந்தது. பதினைந்து நாள் கழித்து அதில் அவரை உட்காரவைத்தோம். அவரே முள்ளைப் பார்த்தார்.

"முப்பத்தேழர. இந்த வண்டிக்கு டோக்கன் கெடையாது, திருப்பு," என்றார். யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் நல்லதம்பி மாமா திருச்சி போய்விட்டு நேராக வீட்டுக்கு வந்தார். கட்டளையை மறந்துவிட்டார். "மாமா, மத்தியானம் ஒரு மிலிட்டரி ஓட்டல்ல சாப்ட்டேன் பாருங்க," என்று ஆரம்பித்தவரை அம்மா தொடையில் கிள்ளினாள். அவர் பாதியில் நிறுத்தினார்.

அப்பா இந்தப் பக்கம் திரும்பினார்.

"கொழம்பு தண்ணியா, கெட்டியா மாப்ள?"

மாமா அம்மாவைப் பார்த்தார்.

"அவள ஏன் பாக்குற? அவளா தின்னா? தண்ணியா, கெட்டியா?"

"கெட்டி மாமா. எலையில ஊத்துனா ஓடல."

"எலும்பு போட்டானா?"

"ரெண்டு. ஒண்ணு நல்லி."

"தட்டுனியா, உறிஞ்சினியா?"

மாமா சொல்லச் சொல்ல, அம்மா டம்ளரை அப்பாவின் வாயில் வைத்தாள். அப்பா கண்ணை மாமா மேல் வைத்துக்கொண்டே மடக்கு மடக்காகக் குடித்தார். நல்லி முடியும்போது டம்ளர் காலி. "மொதல்லயே செத்துப்போனவனுக்கு முன்னாலதான் இப்படி வாயப் பொத்திக்கிட்டு இருப்பாங்க," என்றார் அம்மாவிடம். அன்று சாயங்காலமே அடுப்பு எங்கள் வீட்டுக்குத் திரும்பியது.

அதன்பிறகு தெருவே வந்து சொன்னது. கேள்விப்பட்ட இரண்டு மூன்று வண்டிக்காரர்களும் எறையூரிலிருந்து வந்தார்கள். ஆனால் எத்தனை நாளைக்கு? சாப்பிடாத சாப்பாட்டைச் சொன்னால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். "அந்தக் கடையில செவ்வாக்கெழம அவியல் கெடையாதே," என்று சொல்லிவிட்டு டம்ளரைத் தள்ளிவிடுவார். உண்மையாகவே, ஒவ்வொரு நாளும், யாராவது போய்ச் சாப்பிட வேண்டும். தினமும் அரியலூருக்குப் போய்வருகிறவள் நான்தான்.

முதல் நாள் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஓட்டலுக்குள் நான் தனியாகப் போனபோது, பூமாலை என்ற வயதான சர்வர் என் பின்னால் எட்டிப் பார்த்தார். "கூட ஆம்பளைங்க யாரும் வரலீங்களா? பேமிலி ரூம் அங்க இருக்குதுங்க." திரைச்சீலை போட்ட சின்ன அறை. உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் மனப்பாடம் செய்துகொண்டு வந்து, அப்பாவிடம் ஒப்பித்தேன். பாதி டம்ளரோடு நிறுத்திவிட்டார்.

"பக்கத்துல யாரு?"

"யாருமில்லப்பா. ரூமுல நான் மட்டுந்தான்."

"மூணு பக்கம் செவரு, ஒரு பக்கம் துணி. அதுல என்னத்தப் பாத்த? சோத்த நம்ம வூட்டுலயுந்தான் திங்கலாம். ஓட்டலுன்னா பக்கத்து எலையப் பாக்கணும் பாப்பா."

மறுநாள் கூடத்தில் போய் உட்கார்ந்தேன். பேச்சு அடங்கிப்போனது. எனக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். காது சுட்டது. பூமாலை வந்து தயங்கி நின்றார். பிறகு இலையைப் போட்டார். "எத்தன பேரும்மா?" என்று எல்லோரிடமும் கேட்கிற மாதிரி கேட்டார். ஒரு ஆள் என்றேன்.

அன்று அப்பா இரண்டு டம்ளர் குடித்தார்.

பக்கத்து இலைக்காரர்களை நான் வீட்டுக்குக் கொண்டுவர ஆரம்பித்தேன். பொரியலைத் தொடாமல் கடைசிக்கு வைத்திருந்த வாத்தியார். அப்பளத்தைச் சட்டைப்பையில் மறைத்த கண்டக்டர். இலைக்கு எதிரே பெண்ணின் போட்டோவை வைத்துக்கொண்டு பெண்வீட்டாரிடம் விசாரித்துக்கொண்டே தின்ற மாப்பிள்ளை வீட்டார். அப்பா அவர்களை விடமாட்டார். "அப்பளம் மடியாம எப்படிப் பைக்குள்ள போச்சு?" என்பார். நான் சொல்வேன். அம்மா ஊற்றுவாள். தை பிறந்து பத்தாம் நாள் மண்டித் தராசில் நாற்பது காட்டியது. அம்மா அங்கேயே முள்ளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அது அங்கேயே நின்றுவிட்டது. தை முடிவதற்குள் கஞ்சியும் தடைபட ஆரம்பித்தது. வடிகட்டிக் கொடுத்தோம். தெளிவை மட்டும் கொடுத்தோம். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நல்ல சாப்பாடாக இருந்தால் இறங்கும் என்று நினைத்தேன். ஒரே மதியத்தில் இரண்டு ஓட்டலில் சாப்பிட்டேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போய் வாந்தியெடுத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். எந்த ருசியும் எனக்குத் தெரியவில்லை. எதைச் சொன்னால் இன்னும் ஒரு மடக்கு இறங்கும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பு இல்லை. சாயங்காலம் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டு பேசுவேன். அது அசைந்தால் பேச்சு வரும். அசையாவிட்டால் வாய் குழறும்.

தஞ்சாவூர் தேதிக்குப் பத்தொன்பது நாள் இருந்தது. புதன்கிழமை. மூன்றாவது தடவை சோறு கேட்ட ஒரு பெரியவரைப் பற்றிச் சொன்னேன். "ஐயா, வவுத்துல ஏரி கீரி வெட்டி வச்சிருக்கீங்களா?" என்று பூமாலை கேட்டார்.

"அதுக்கு அவரு என்னன்னாரு?"

"'ரெண்டு வருசமா வறட்சிய்யா, நெரம்பட்டும், ஊத்து'ன்னாரு."

அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலானது. வாயில் இருந்த தெளிவு மூக்கு வழியாக வந்தது. அம்மா துடைத்தாள். அதன்பிறகு ஒரு சொட்டும் இறங்கவில்லை. ஆனாலும், "நீ சொல்லு," என்றார். ரசம், மோர், வெற்றிலை வரைக்கும் சொன்னேன். டம்ளர் நிறைய அப்படியே இருந்தது.

வியாழக்கிழமை காலை நான் புடவை மாற்றவில்லை. லீவு போடுகிறேன் என்றேன்.

"போட்டு?" என்றார். குரல் காற்றாகத்தான் வந்தது. "என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கப் போறியா? அதுக்கு ஒங்கம்மா இருக்கா. இன்னிக்கி அங்க மோர்க்கொழம்பு. போயிட்டு வா."

"யப்பா, உனக்கு எறங்கலையே."

"எறங்கலன்னா என்ன. நீ வந்து சொல்லு."

போனேன். போகாமல் இருந்திருக்க வேண்டும் என்று இன்றுவரை நினைக்கிறேன். போகாமல் இருந்திருந்தால் அவர் எனக்கு முதுகைக் காட்டிப் படுத்திருப்பார் என்பதும் தெரியும். இரண்டும் உண்மை. இரண்டில் எது கனம் என்று எந்தத் தராசிலும் வைத்துப் பார்க்க முடியவில்லை. பத்தரை மணிக்கு, "பஸ்ஸு போயிருக்குமா?" என்று கேட்டாராம். போயிருக்கும் என்றாளாம் அம்மா. அதன்பிறகு பேசவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் நல்லதம்பி மாமா, இனி மதியத்துக்கு வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போ என்றார். சரி என்றேன். அம்மா காலையில் டிபன் பாக்ஸில் சோறு வைக்கிறாள். ஆபீஸில் என் மேஜையிலேயே தின்கிறேன். பக்கத்தில் யாரும் இல்லை.

அப்பாவின் கஞ்சிக்காக, அவர் போவதற்கு முந்தின நாள் புதன்கிழமை காலையில் கேழ்வரகும் பொட்டுக்கடலையும் வறுத்து, ஒரு தூக்கில் போட்டு, தெருக்கோடி மாவு மில்லில் கொடுத்துவிட்டுப் போயிருந்தேன். நைசாக, இரண்டு தடவை அரைக்கச் சொன்னேன். மறுநாள் சாயங்காலம் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். இன்னும் வாங்கிவரவில்லை.