துபாய் வெயிலும் மலேசியா மழையும்

நேற்று மத்தியானம் என் மைத்துனன் சீனி நாகலாபுரத்திலிருந்து கோவில்பட்டியில் எங்கள் வீட்டுக்கு வந்தான். உட்கார்ந்தவன் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"அத்தான், நானும் அவளும் வெளிநாடு போலாம்னு இருக்கோம். துபாய் நல்லாருக்குமா, மலேசியா நல்லாருக்குமா?"

நான் "துபாய்" என்றேன். அதே நொடியில் அவன் அக்கா, அதாவது என் வீட்டுக்காரி, "மலேசியா" என்றாள். எங்கள் வீட்டில் இது பழைய வழக்கு.

கேட்க வேண்டிய ஆளிடம்தான் கேட்டான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். கூலிக்குக் குச்சி அடுக்கப் போய், பிறகு சொந்தமாகத் தீப்பெட்டி ஆபீஸ் போட்டேன். தொழிற்சாலையைத்தான் எங்கள் பக்கம் ஆபீஸ் என்போம். சொல்லும்போதே ஒரு மிடுக்கு இருக்கிறதல்லவா? இரண்டு நாடு பார்த்துவிட்டேன். எங்கள் தெருவில் டிகிரி வாங்கியவர்கள் இன்னும் திருச்செந்தூரைத் தாண்டவில்லை. சரி, பெருமை போதும்.

எங்கள் தொழிலில் வெயில்தான் பெரிய கூட்டாளி. பெட்டியின் பக்கத்தில் குச்சி உரசும் மருந்தைப் பூசி முற்றத்தில் பரப்பிவிட்டால் உச்சி வெயில் சுள்ளென்று அடிக்க வேண்டும். தூறல் விழுந்தால் போச்சு. மருந்தும் அட்டையும் சேர்ந்து ஊறி ஒரு வாடை வரும் பாருங்கள்! அப்படிப்பட்டவன் துபாயில் இறங்குகிறேன். முகத்தில் அனல் அடித்ததும் கூட வந்தவர்களெல்லாம் துண்டைத் தலையில் போட்டார்கள். எனக்கு வாயில் எச்சில் ஊறியது. ஆகாசம் முட்டும் கட்டடத்தைக் காட்டி வழிகாட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என் கண் சுற்றிலும் இருந்த மொட்டைமாடிகளில் இருந்தது. எவ்வளவு வெயில்! காய வைக்க ஒரு பெட்டி இல்லாமல் அத்தனையும் வீண்!

கூட வந்த என் வீட்டுக்காரிக்குப் பிடிக்கவில்லை. "இதப் பாக்கவா ஏரோப்பிளேன் ஏறுனோம்? பஸ்ஸுல போயி நாகலாபுரம் விலக்கு ரோட்டுல எறங்கி நின்னா போதுமே" என்றாள்.

மலேசியாவுக்கு ஒரு கார்த்திகையில் போனோம். மழைக்காலத்தில் ஆபீஸை விட்டுக் கிளம்ப எனக்கு மனசே இல்லை. மகன் டிக்கெட் போட்டுவிட்டான். கோலாலம்பூரில் மத்தியானம் ஆனால் மழை. எங்களூர் மேகம்போல நாலு நாள் ஆசை காட்டுவதில்லை, நேரே கொட்டுகிறது. ஜனங்கள் அண்ணாந்துகூடப் பார்க்காமல் குடையை விரித்துக்கொண்டு நடக்கிறார்கள். நான் நடுங்கிப்போய் ஒரு கடைக்குள் ஒதுங்கினேன். அவள் தெருவோரத்திலேயே நின்றுவிட்டாள். சேலை தொப்பலாகிவிட்டது.

"ஏட்டி, உள்ள வா. நாலு பேரு பாக்காங்க."

"பாக்கட்டும். நான் என்ன ஆடுதேனா, பாடுதேனா? சும்மாதான நிக்கேன்."

கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள்: "யாரும் கேக்காம இப்படிக் கொட்டுதே. இதுல ஒரே ஒரு மழை தம்பி பிஞ்சையில பெய்யக்கூடாதா?"

அந்த வருஷம் சீனி தன் கரிசல் புஞ்சை முழுக்க உளுந்து போட்டிருந்தான். பூவெடுத்து நின்றது. அந்த வாரம் மழை விழாவிட்டால் அவன் கதை முடிந்தது. என் முற்றத்திலோ பெரிய ஆர்டருக்கான பெட்டிகள். மழை விழுந்தால் என் கதை முடிந்தது. சாயங்காலம் ஓட்டல் கட்டிலின் இந்த ஓரத்தில் நானும் அந்த ஓரத்தில் அவளும் உட்கார்ந்து ஆளுக்கொரு போனைப் போட்டோம்.

"மேகம் கருத்துக் கெடக்கு அண்ணாச்சி, பயமா இருக்கு" என்றான் என் மேஸ்திரி.

"ஏலே, மேகம் உண்டா?" என்று அவள் கேட்டாள். "உண்டுக்கா. எட்டிப் பாத்துட்டுப் போயிருது" என்றான் சீனி.

நான் சாமியிடம் வேண்டாம் என்றேன். அவள் அதே சாமியிடம் வேண்டும் என்றாள். சாமிதான் என்ன செய்யும்? மறுநாள் தகவல் வந்தது. கோவில்பட்டியில் கொட்டித் தீர்த்துவிட்டது. நாகலாபுரத்தில் புழுதி அடங்கவில்லை. என் பெட்டியும் போச்சு, அவன் உளுந்தும் போச்சு. சண்டை போட வாயைத் திறந்தேன். "வீடு மாறிப் பெய்ஞ்சிட்டுதே" என்று அவள் சொன்னதும் மூடிக்கொண்டேன்.

இப்போது என் ஆபீஸில் எல்லாம் மிஷின். உள்ளேயே சூடான காற்றில் காய்ந்து வந்துவிடுகிறது. வெளியே வெயிலா மழையா என்று வேலைக்காரப் பிள்ளைகளுக்குத் தெரியாது. சீனியின் கரிசலை சோலார் கம்பெனி குத்தகைக்கு எடுத்து வரிசையாகக் கண்ணாடிப் பலகை நட்டிருக்கிறது. வெளிநாடு போகிற யோசனையும் அந்தப் பணத்தில் வந்ததுதான்.

நேற்று அவள் அவனுக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். "ஏலே, நான் சொல்லுதத கேளு. மலேசியாவுக்கே போ. மத்தியானம் மழை வரும். குடைய ரூம்லயே போட்டுட்டு வெளிய வந்து நில்லு. அன்னைக்கு உன்ன நெனச்சுத்தாம்ல அங்கன நின்னேன்."

சீனி சிரித்தான். "நீ வேறக்கா. நனைஞ்சா எனக்குச் சளி பிடிச்சிரும். அவ்வளவு தூரம் போயி ரூமுக்குள்ள போத்திக்கிட்டுக் கெடக்கவா? இப்பம்லாம் மழை பெய்ஞ்சா கண்ணாடில தூசி போகும், அம்புட்டுதான்."



"அப்பம் துபாய்க்கே போ" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

வழக்கில் நான் ஜெயித்துவிட்டேன். சீனி பஸ் ஏறிய பிறகு, அவள் காதில் விழட்டும் என்று உரக்கச் சொல்லிப் பார்த்தேன்: "என்ன இருந்தாலும் துபாய் துபாய்தான்."

அவள் முற்றத்தில் நின்று மேகம் இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.