நத்தைக்கு ஊற்றிய கள்ளு

போன வாரம் வீட்டுக்கார அன்ரி ஒரு பூச்சட்டியைத் தூக்கிக்கொண்டு என் அறை வாசலுக்கு வந்தார். கொழும்பு வெள்ளவத்தையில் மூன்று நாளாக விடாத மழை. சட்டியின் அடியில் ஓடில்லாத நத்தைகள் இரண்டு, சளியைப் போல ஒட்டிக் கிடந்தன.

"பிள்ளை, நீர் தோட்டப் பக்கம்தானே? இதுகளுக்கு என்ன செய்யிறது?"

"சாம்பல் போடுங்க அன்ரி" என்றேன். மாடி வீட்டில் சாம்பலுக்கு எங்கே போவார் என்பது அவர் போன பிறகுதான் உறைத்தது. இன்னொரு வைத்தியமும் எனக்குத் தெரியும். அதைச் சொல்ல வாய் வரவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

ஓப்பநாயக்கவுக்கு மேலே, மலையில் எங்கள் தேயிலைத் தோட்டம். கடைகளில் மாவும் மண்ணெண்ணெயும் கிடைக்காத அந்த வருஷம் நான் பதினொன்றாம் வகுப்பு ஓ.எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். படித்தேன் என்பது அம்மாவின் நம்பிக்கை. அம்மா கொழுந்து பறிக்கப் போவாள். அப்பா வீட்டில். அதற்கு முந்தின வருஷம் கண் மஞ்சளாகி ஆஸ்பத்திரியில் கிடந்தவர் அவர். இனி ஒரு சொட்டுக் குடித்தாலும் ஆள் மிஞ்ச மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட, கோயிலில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்திருந்தார். சத்தியத்தைக் காப்பாற்றியும் வந்தார்.

நாங்கள் இருந்த லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் அவர் போஞ்சி, கோவா என்று காய்கறி போட்டார். அதை நம்பித்தான் நானும் தங்கச்சியும் சாப்பிட்டோம். முளைத்த முதல் வாரமே பாதிக் கன்றுகளுக்குத் தலை இல்லை. தண்டுகளைச் சுற்றி வெள்ளியாய் மினுங்கும் கோடுகள். அப்பா அடுப்புச் சாம்பலை வட்டம் வட்டமாகப் போட்டார். நனைந்த சாம்பலின் வாசனை இன்றைக்கும் எனக்குப் பசி வாசனைதான். பின்னேர மழை அத்தனையையும் கழுவிக்கொண்டு போகும். மறுநாள் மறுபடியும் போடுவார்.

முட்டை ஓடு நல்லது என்றார்கள். முட்டைக்கே வழியில்லாத வீட்டில் ஓடு ஏது? பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு டவுன் சாப்பாட்டுக் கடையின் குப்பை வாளியைக் கிளறினேன். "மொகடத நங்கி?" என்று முதலாளி சிங்களத்தில் காரணம் கேட்டார். பரீட்சைக்கு என்று பொய் சொன்னேன். உப்பையும் போட்டுப் பார்த்தோம். நத்தையோடு சேர்ந்து நாலு கோவாவும் செத்தது.

வகுப்பில் விவசாயப் பாடம் எடுத்த சேர்தான் சொன்னார், பியர் வைத்தால் நத்தை தானாக வந்து விழுந்து சாகும் என்று. பெரிய கண்டுபிடிப்பைக் கொண்டு வந்தவள் போல வீட்டில் சொன்னேன். பியருக்கு எங்கே போவது? கீழே கிராமத்தில் கித்துள் மரமேறிக் கள்ளு இறக்கும் குணே மாமாவிடம் புளித்த கள்ளு கேட்கலாம் என்றதும் நான்தான். அவர் சிரித்துக்கொண்டே ஒரு போத்தல் சும்மா தந்தார். "நத்தையும் குடிக்கிதா இப்ப?"

பழைய பால்மா டின்களை மண்ணில் புதைத்துக் கள்ளை ஊற்றினோம். விடிந்ததும் டின் நிறைய நத்தைகள், உப்பிப் போய் மிதந்தன. அப்பா கைதட்டினார். பல மாதம் கழித்து அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இரண்டு வாரம் போயிருக்கும். "ஒரு போத்தல் பத்தல, ரெண்டா வாங்கிட்டு வா" என்றார்.

வாங்கி வந்தேன். டின்களில் ஊற்றியதோ அரைப் போத்தல்தான். அப்பாவின் பேச்சில் ஒரு குழைவு. எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் போஞ்சி கொடி ஏறிக் காய்க்கத் தொடங்கியிருந்தது. தங்கச்சி இரண்டு தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. போத்தலோடு மலை ஏறிக்கொண்டே இருந்தேன்.

கள்ளு போய்க் கசிப்பு என்கிற கள்ளச் சாராயம் வந்தது. அது என் கையால் வரவில்லை. அவருக்கு வேறு ஆட்கள் கிடைத்துவிட்டார்கள். ஆறு மாதத்தில் வயிறு பானையாக வீங்கி, காலில் விரல் வைத்தால் குழி விழுந்தது. இந்த முறை ஆஸ்பத்திரியிலிருந்து அவரைப் பெட்டியில்தான் கொண்டுவந்தோம்.

கருமாதி முடிந்து ஆட்கள் போன பிறகு அம்மாவிடம் சொன்னேன். "நான்தாம்மா கள்ளு வாங்கிக் குடுத்தேன். அவரு குடிக்கிறதும் தெரியும்."

அம்மா கழுவின சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் பேசினாள்.

"எனக்கும் தெரியும்டி. ரெண்டாவது வாரமே மோந்து பாத்தேன். நிறுத்துனா மனுசன் படுத்துருவாரு, போஞ்சித் தோட்டம் போயிரும், நீங்க ரெண்டு பேரும் பட்டினியா கெடப்பீங்க. அதான் சும்மா இருந்துட்டேன்."

அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் இதைப் பேசியதில்லை. இப்போது அம்மா என்னோடு கொழும்பில். லயத்து அறையில் வேறு குடும்பம். பின்னால் அப்பா குனிந்து குனிந்து நின்ற இடத்தில் மானாப்புல் நெஞ்சளவு நிற்கிறது என்று தங்கச்சி போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். சந்தையில் போஞ்சி எவ்வளவு பிஞ்சாகக் கிடந்தாலும் அம்மா அதைக் கையால் தொடுவதில்லை.