தண்ணி தெரியுதா?

நீராவி என்ஜினில் ஃபயர்மேன் என்றால் நெருப்பைப் பார்க்கிற வேலை என்று நினைப்பீர்கள்; இல்லை சார், தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கிற வேலை. வாரத்தில் ஐந்து நாள் பிளானோ நகரத்தில் சாஃப்ட்வேர் டெஸ்டிங், சனிக்கிழமை மட்டும் மியூசியம் ரயிலில் சம்பளமில்லாத பயிற்சி ஃபயர்மேன். நூறு வருஷத்துக்கு முந்தைய எக்ஸ்பிரஸ் என்ஜின். என் மூக்குக்கு நேரே ஒரு கண்ணாடிக் குழாய். பாய்லரில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று அது காட்டும். தண்ணீர் அந்தக் குழாய்க்கும் கீழே போனால் பாய்லர் வெடிக்கலாம். டிரைவர் மெலிசா, மற்ற நாட்களில் பல் டாக்டர், இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் "தண்ணி தெரியுதா?" என்பார். எந்நேரம் கூப்பிட்டாலும் ஓடுகிற ஆன்-கால் ட்யூட்டி பார்க்கிற புண்ணியவான்களே, உங்களுக்குத்தான் என் அவஸ்தை புரியும்.

பருப்பு

பயம் வீடு வரைக்கும் வந்துவிட்டது. என் மனைவி சுதா குக்கர் வைத்தால், தண்ணீர் வற்றியிருக்குமோ என்று பக்கத்திலேயே நிற்பேன். ஒருநாள் இரண்டாவது விசிலுக்கே அடுப்பை அணைத்துவிட்டேன். பருப்பு வேகவில்லை. பதினோரு வயது மகள் நிலா என்னை ஹாலுக்கு இழுத்துப்போனாள்.

"அப்பா, ரிலாக்ஸ்! இட்ஸ் ஜஸ்ட் பருப்பு!"

பட்டுப்புடவை

எங்கள் என்ஜின் எண்ணெயில் எரிவது. ஸ்டீம் குறைந்துவிடுமோ என்ற பதற்றத்தில் எண்ணெய் வால்வை அதிகமாகத் திறந்துவிட்டேன். குப்பென்று கரும்புகை. முதல் பெட்டி ஜன்னலோரம் பக்கத்து ஊர் ஆலனிலிருந்து வந்த ஒரு ஆன்ட்டி, சந்தன நிறப் பட்டுப்புடவையில்; கரியெல்லாம் அதன் மேல். ஸ்டேஷனில் ஓடிப்போய் சாரி கேட்டேன். புடவையை விட்டுவிட்டு என் கரி மூஞ்சியையே பார்த்தார்.

"ஏம்ப்பா, க்ரீன் கார்டு லேட்டாகுதுன்னு இந்த வேலைக்கா வந்துட்டே?"

எலுமிச்சம்பழம்

பரீட்சை நாள். போய்வரும் வரை நெருப்பையும் தண்ணீரையும் நானே பார்த்துக்கொண்டால், நான் ஃபயர்மேன்தான் என்று மெலிசா கையெழுத்துப் போடுவார். இல்லாவிட்டால் இன்னும் ஒரு வருஷம் என்ஜின் துடைக்க வேண்டும். விசில் ஊதி வண்டியை எடுத்தார். வண்டி நகரவில்லை, சக்கரங்கள் மட்டும் நின்ற இடத்திலேயே வழுக்கிக் கிறுகிறுவென்று சுற்றின. குழாயில் தண்ணீர் மேலும் கீழும் குதிக்க, எனக்கு உயிரே போய்விட்டது. மெலிசா இறங்கிப்போய் நசுங்கிய எலுமிச்சம்பழத்தோடு வந்தார். புதுக் கார் வாங்கினால் செய்வதைப் போல, சுதா எனக்குச் சொல்லாமலே தண்டவாளத்தில் சக்கரத்துக்கு முன்னால் வைத்திருக்கிறாள்! ஆக்சிடென்ட் ஆகக் கூடாதென்று வைப்பது என்று அசடு வழிந்தேன்.

"ஆக்சிடென்ட் ஆகவாவது வண்டி நகரணுமே!"

தெரியவில்லை

தண்டவாளத்தைத் துடைத்து, வழுக்காமலிருக்க மணல் போட்டுக் கிளம்பினோம். பயத்தில் நான் பாய்லருக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தேன். ஏற்றத்தில் குழாயைப் பார்த்தால், தண்ணீர் நிற்கிற மட்டத்தையே காணோம். முழுக்க நிறைந்தாலும் கண்ணாடி அப்படித்தான் இருக்கும், சுத்தமாக வற்றினாலும் அப்படித்தான் இருக்கும். "தண்ணி தெரியுதா?" என்றார் மெலிசா. தெரியுது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. "தெரியல" என்று சொல்லி, எண்ணெய் வால்வை மூடி நெருப்பை அணைத்தேன்.

பயணிகளோடு காட்டு நடுவில் ரயில் நின்றது. மெலிசா குழாயின் அடியிலிருந்த சின்ன டேப்பைத் திறந்தார். தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. வற்றவே இல்லை, நான்தான் ரொம்ப நிரப்பியிருக்கிறேன். போச்சு, கையெழுத்து போச்சு என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். மெலிசா பையிலிருந்து பரீட்சைத் தாளை எடுத்தார்.

"சும்மா தெரியுதுன்னு சொல்லியிருந்தீங்கன்னா ஃபெயில் பண்ணியிருப்பேன். பேனா இருக்கா?"

நெருப்பை அணைத்து ஃபயர்மேன் ஆனவன் நான். ஆனால் வீட்டில் குக்கர் பக்கம் மட்டும் என்னை இன்னும் விடுவதில்லை.