பர்லியாரில் நான் பிடித்த குடை

போனில் சிக்னல் இப்போதுதான் வந்தது.

காலையில் குன்னூர் பஸ் பர்லியாரில் டீக்கு நின்றது. சாலையோரம் ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒருவர், குழியின் மூடியைத் திறந்து வைத்து, போன் கேபிளை ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தார்.

தூறல். மலைப்பாதையில் வேலை செய்கிறவர் நனைவதை எங்கள் பக்கம் யாரும் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். குடையை அவர் தலைக்கு மேல் பிடித்தேன்.

"ரிப்பேருங்களா?"

"ஆமாங்க. சாயங்காலத்துக்குள்ள சரியாயிருமுங்க."

குன்னூர் வந்தால் ஒரு போனும் வேலை செய்யவில்லை. "வேலை நடக்குதுங்க, நானே பாத்தேன்" என்று என் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் தைரியம் சொன்னேன்.

மதியம் டேப் வாங்க வந்த போன் கம்பெனி கேபிள்காரர் சொன்னார்: "காப்பர்னு நெனச்சு எவனோ அறுத்துட்டானுங்க. உள்ள வெறும் கண்ணாடி இழைதான். அப்படியே போட்டுட்டுப் போயிட்டான்."

ஜெகதளாவில் என் பக்கத்து வீட்டுக்காரருக்கு அப்போதுதான் நெஞ்சுவலி. ஆம்புலன்ஸுக்குப் போன் போகவில்லை. தேயிலை லாரியில் குன்னூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார்கள். இன்னும் கண் திறக்கவில்லை.

காலையில் பஸ் கிளம்பியபோது அவன் என்னைக் கும்பிட்டான். கண்ணை மூடினால் அந்தக் கைகள்தான் தெரிகின்றன.

நீங்களாக இருந்தால் அடையாள அட்டை கேட்டிருப்பீர்களா, சொல்லுங்கள். நான் கேட்டது, "தோள் நனையுதுங்களே, இன்னும் கொஞ்சம் இப்படி வர்றீங்களா?"