வெடியா, நிலநடுக்கமா?

ராதாபுரம் பக்கத்தில் எங்கள் வீட்டில், ஒரு நாள் காலையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது தரை குலுங்கியது. அலமாரியிலிருந்த பாத்திரங்கள் உருண்டு விழுந்தன. மகளை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால், படுக்கையறைச் சுவர் விரல் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது.

நேரே ஊருக்குப் பக்கத்தில் பாறைக்கு வெடி வைக்கும் கல் குவாரிக்குப் போனேன். மேலாளர் சிரித்துக்கொண்டே, "நாங்க இன்னைக்கு வெடியே வைக்கலம்மா. பூமிக்கடியில பாறைத்தட்டு நகந்திருக்கு. அதுக்கு நாங்க என்ன செய்ய?" என்றார்.

மறுநாள் தாலுகா அலுவலகத்துக்கு மனு எழுதிக்கொண்டு போனேன். அதிகாரி அதைப் பிரிக்கவே இல்லை. "நிலநடுக்கம்னு எங்கயும் பதிவாகல. குவாரி வெடியாத்தான் இருக்கும். அங்கன போய்க் கேளுங்க" என்றார்.

"அப்ப அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க. குவாரியில காட்டுதேன்" என்றேன்.

"எழுதியெல்லாம் தர முடியாதும்மா."

"சுவரு இடிஞ்சு எம்புள்ள மேல விழுந்தா, அப்பவும் எழுத மாட்டியளா?" என்று கத்தினேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் மனுவை வாங்கி முத்திரை குத்தினார்.

இன்றுவரை யாரும் வந்து பார்க்கவில்லை. சுவருக்குப் பனங்கட்டையை முட்டுக்கொடுத்திருக்கிறோம். அன்றைக்கு அசைந்தது பூமியா, குவாரியா என்று எனக்கு இன்னமும் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கிறார்கள்.