மானாம்பதியில் ஒரு டம்ளர் சிவப்புத் தண்ணீர்

உத்திரமேரூர் கோயில் கல்வெட்டைப் பார்க்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. 1986 மார்கழியில்தான் லீவு கிடைத்தது. அங்கே ஆஸ்பத்திரியில் காசநோய்ப் பிரிவில் வேலை பார்த்த நண்பர் தாமோதரன், "முதல்ல என்னோட மானாம்பதிக்கு வா, கல்வெட்டு எங்கயும் ஓடிப்போவாது" என்று எழுதியிருந்தார்.

காஞ்சிபுரத்தில் காலை ஆறேகால் பஸ். இருபத்தெட்டு கிலோமீட்டர், இரண்டு ரூபாய் எண்பது பைசா. ஏழரைக்கு உத்திரமேரூரில் இறங்கி, நானும் தாமோதரனும் வாடகை சைக்கிளில் ஒரு மணி நேரம் மிதித்தோம். வழியெல்லாம் நான் அவரைக் கேள்வி கேட்டுத் துளைத்தெடுத்தேன். மாத்திரையைப் பாதியில் விட்டால் நோய் திரும்பும், வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒட்டும் என்றார். நாங்கள் பார்க்கப் போன நோயாளி முனுசாமியின் வீட்டில் எட்டு மாதக் குழந்தை இருந்தது. அதுதான் அவருடைய கவலை.

முனுசாமி பயிர்வேலை செய்பவர். வெயிலில் போர்த்திக்கொண்டு இருமிக்கொண்டிருந்தார். இருபது நாளைக்குக் கொடுத்த மாத்திரை எங்கே என்று தாமோதரன் கேட்டதும் அவர் தன் மனைவி அலமேலுவைப் பார்த்தார். அலமேலு அரிசிப் பானைக்குள்ளிருந்து பொட்டலத்தை எடுத்தார். பாதி அப்படியே இருந்தது.

"அவருக்கு ஒண்ணுக்கு ரத்தமா போவுது சார். மாத்திரை ஒரே சூடு. மோரும் எளநீரும்தான் குடுத்துக்கினு கீறேன்."

எனக்கு வாய் சும்மா இருக்காது. "மாத்திரையே சிவப்பாத்தானே இருக்கு?" என்றேன். தாமோதரன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒரு காப்ஸ்யூலைப் பிரித்து டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்கினார். தண்ணீர் செக்கச் சிவந்தது.

"இது இன்னா, உன் வூட்டுக்காரர் ரத்தமா? மாத்திரை சாயம்மா இது. அதான் வெளியே போவுது."

அலமேலு டம்ளரையே பார்த்தார். "அப்போ பத்து நாளா நாந்தான் அவர கொன்னுக்கினு இருந்தேனா?"

"நீ இல்லம்மா. குடுக்கும்போது சொல்லாம போனேனே, நான்தான்" என்றார் தாமோதரன். அவர் முகம் கறுத்துவிட்டது. முனுசாமி அங்கேயே ஒரு வேளை மாத்திரையைப் போட்டுக்கொண்டார்.

கல்வெட்டு பார்க்கப் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், மதியம் கோயில் சாத்திவிடுவார்கள். நான் அன்று பார்க்கவில்லை. யார் எந்த மாத்திரை கொடுத்தாலும் அது உடம்பில் என்ன செய்யும் என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

திரும்பும் வழியில் அதே மாத்திரை வாங்கிய இன்னும் மூன்று வீடுகளில் தாமோதரன் சைக்கிளை நிறுத்தினார். "சிவப்பா போவும், பயப்படாதீங்க" என்று முதலில் அதைத்தான் சொன்னார். இரண்டு வீடுகளில் தலையாட்டினார்கள். மூன்றாவது வீட்டுக்காரர் உள்ளே போய், முக்கால்வாசி மாத்திரை அப்படியே இருந்த பொட்டலத்தோடு திரும்பி வந்தார்.