நான் சந்தேகப்பட்ட இன்குபேட்டர்

மாதம் நிறையாமல் பிறந்த என் மகளை மட்டக்களப்பில் ஒரு வைத்தியசாலையில் இன்குபேட்டரில் வைத்திருந்தார்கள். வயிற்றில் டேப்பால் ஒட்டிய வயர் உடம்புச் சூட்டைச் சொல்லச் சொல்ல, பெட்டி தானாகவே சூட்டைக் கூட்டிக் குறைக்குமாம். எனக்கு நம்பிக்கையில்லை. பிள்ளைக்குக் குளிர்வது பெட்டிக்கு எப்படித் தெரியும்? தாதி அடிக்கடி வந்து ஏதோ பொத்தானை அமுக்குவதையும் கவனித்து வைத்திருந்தேன்.

ஒரு காலை, ஏறாவூரிலிருந்து உம்மா அனுப்பிய, குர்ஆன் ஓதின எண்ணெயை ஒருவருக்கும் தெரியாமல் மகளின் வயிற்றில் தடவினேன். பகல் போய்ப் பார்த்தால் பிள்ளை சிவந்து, நெருப்பாய்க் கொதித்தாள்.

தாதியைப் பிடித்துக்கொண்டேன். "நீங்கதானே மிஸ் சூட்டக் கூட்டி வச்சது?"

அவர் பெட்டியைத் திறந்தார். வயர் கழன்று கிடந்தது. பிள்ளையின் வயிற்றைத் தொட்டு, விரலை முகர்ந்தார்.

"எண்ணெய் பூசினா டேப் ஒட்டுமா தங்கச்சி? வயர் கழண்டா, பிள்ள குளிர்ந்துபோச்செண்டு நினைச்சு பெட்டி சூடாக்கிக்கொண்டேதான் இருக்கும்."

அல்லாஹ் காப்பாற்றினான், மாலைக்குள் சூடு இறங்கிவிட்டது.

இப்போது பிள்ளைக்கு எதைப் பூசுவதென்றாலும் கேட்டுவிட்டே பூசுகிறேன். யாரையாவது சந்தேகிக்கத் தோன்றினால், முதலில் என் கையை முகர்ந்து பார்க்கிறேன்.